மிளகு போட்ட கற்பூர டப்பா

எங்கள் அப்பத்தாவின் சாமி அலமாரியில் ஒரு பித்தளை டப்பா இருந்தது. உள்ளே கற்பூர வில்லைகள்; அவற்றுக்கு நடுவே ஐந்தாறு மிளகு. “மிளகு போடலைன்னா கற்பூரம் காத்தோட போயிரும்” என்பார். சாட்சியும் வைத்திருந்தார். ஆடியில் வாங்கி, மிளகு போட மறந்து, அலமாரி மூலையிலேயே கிடந்த காகிதப் பொட்டலம் ஒன்றை தை மாதம் பிரித்துக் காட்டினார். எறும்பு தொட்ட தடமில்லை, யாரும் எடுத்த தடமில்லை. கற்பூரம் மட்டும் இல்லை. வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது.

துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் இப்படித்தான். கோலிக்குண்டு அளவில் போட்டது, அடுத்த பொங்கலுக்குள் பட்டாணி அளவுக்கு வந்துவிடும். திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவதைப் பள்ளிப் புத்தகம் பதங்கமாதல் என்று சொல்லும். பெயர் தெரிந்தால் பரீட்சைக்குப் போதும். எனக்கு இருந்த சந்தேகம் வேறு: கற்பூரம் போகிறது, அதே அலமாரியில் இருக்கும் குங்குமம் ஏன் போவதில்லை? தண்ணீர் அரை நாளில் உலர்கிறது, பக்கத்தில் சிந்திய நல்லெண்ணெய் மாதக்கணக்கில் அப்படியே ஏன் கிடக்கிறது? ஆவியாகிப் போய்விட வேண்டும் என்ற துடிப்பு ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் அளவில் இருக்கிறது என்றால், அதை எந்தத் தராசில் நிறுப்பது?

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. நாம் ஆவியழுத்தம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் ஆவியமுக்கம். அந்த எண்ணை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. மிளகுக்குக் கடைசியில் வருகிறேன்.

கோயில் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்திருப்பீர்கள். சில எந்நேரமும் கிளம்பிக்கொண்டே இருக்கும், சில வந்து அமர்ந்துகொண்டே இருக்கும். இப்போது கோபுரத்தைச் சுற்றி, வானத்தையும் சேர்த்து, ஒரு பெரிய வலையால் மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலில் வலைக்குள் வானம் காலி, கிளம்புகிறவைதான் அதிகம். வானத்தில் புறாக்கள் கூடக்கூட, திரும்பி வந்து உட்காருகிறவையும் கூடும். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்குப் பத்து கிளம்பினால் பத்து திரும்பும். பறப்பது நிற்கவில்லை, ஆனால் வானத்தில் உள்ள எண்ணிக்கை மாறவில்லை. மூடிய பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரும் அதே நிலைக்குத்தான் வருகிறது. மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பியபடியும் வந்து ஒட்டியபடியும் இருக்க, மேலே நிற்கும் ஆவியின் அளவு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. இதற்கு இயங்குச் சமநிலை என்று பெயர். அப்போது அந்த ஆவி பாத்திரத்தின் சுவரில் மோதித் தரும் அழுத்தமே அப்பொருளின் ஆவியழுத்தம். அதற்குமேல் ஏற்க முடியாதபடி நிறைந்திருப்பதால் ‘தெவிட்டிய ஆவி’ என்ற சொல்லும் உண்டு. பாயசத்துக்குப் பொருந்துகிற சொல் ஆவிக்கும் பொருந்துவது எனக்குப் பிடிக்கும்.

இந்த உவமையில் இன்னொரு வசதி இருக்கிறது. கோபுரம் இரண்டு மடங்கு பெரிதானால் கிளம்பும் புறாக்கள் இரட்டிக்கும். உட்காரும் இடமும் இரட்டிக்கும். வானத்தின் நெரிசல் அதேதான். ஆக, ஆவியழுத்தம் திரவம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. குடம் நிறையத் தண்ணீரும் ஒரு கரண்டித் தண்ணீரும், மூடிய பாத்திரத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தைத்தான் தரும்.

நம்ப முடியவில்லை என்றால் சமையலறைக்குப் போகலாம். 14.2 கிலோ சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் திரவமாக இருக்கின்றன. அடுப்பில் எரிவது அந்தத் திரவத்தின் மேல் நிற்கும் ஆவி. அழுத்தமானி ஒன்றைப் பொருத்தினால், புது சிலிண்டரும் முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் அதே. அது தீர்ந்த பிறகுதான் விழும். சாம்பார் பாதி கொதிக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அடுப்பு அணைவதற்குக் காரணம் இதுதான். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டு எதுவரை சீக்கிரம் காய்கிறது, எதற்குக் கீழே ஈரம் நிற்கிறது என்று பார்ப்பவர்கள், அழுத்தத்தை நம்பாமல் திரவ மட்டத்தைத் தேடுகிறார்கள். சரியான முடிவு.

அளப்பது என்ற வேலையைச் சரியாகத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர், அணுக்கொள்கைக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் ஜான் டால்ட்டன். நெசவாளர் மகன், மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அவருடைய முதல் காதல் அணு அல்ல, மழை. 1787-இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844-இல் இறப்பதற்கு முந்தின நாள் வரை எழுதினார். மழையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு: பெய்வதற்கு முன் அந்தத் தண்ணீர் காற்றில் எப்படித் தங்கியிருக்கிறது?

அன்று பலரும் சொன்ன பதில், உப்பு தண்ணீரில் கரைவதுபோலத் தண்ணீர் காற்றில் கரைகிறது என்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையானால், காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் ஆவியாகக் கூடாது; கரைப்பதற்கு ஆள் இல்லையே. டால்ட்டன் காற்றே இல்லாத இடம் ஒன்றைத் தேடினார். அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 1643-இல் டாரிசெல்லியின் சோதனை காட்டிய பாரமானி: ஒரு முனை மூடிய நீண்ட கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்துக்கு இறங்கி நிற்கும். அதற்கு மேலே மூடிய முனை வரை ஒன்றுமில்லை. வெற்றிடம்.

குழாயின் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டுப் பாதரசத்தை ஊற்றித் தலைகீழாக்கினார் டால்ட்டன். கனம் குறைந்த தண்ணீர் பாதரசத்தின் தலைக்கு மேல் ஏறியது. அதில் கொஞ்சம் ஆவியாகி வெற்றிடத்தை நிரப்பியது; அந்த ஆவி பாதரசத்தைக் கீழே தள்ளியது. எத்தனை மில்லிமீட்டர் தள்ளியதோ, அதுதான் தண்ணீரின் ஆவியழுத்தம். 20 டிகிரி செல்சியஸில் அது 17.5 மில்லிமீட்டர். பாதரசத்தின் உயரத்தையே அழுத்தத்தின் அலகாகச் சொல்லும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. மருத்துவர் “120-க்கு 80” என்பதும் மில்லிமீட்டர் பாதரசத்தில்தான். நகப்பூச்சைத் துடைக்கப் பயன்படும் அசிட்டோன் அதே 20 டிகிரியில் சுமார் 185 காட்டும். அதற்கு மாத்திரை கிடையாது.

இனி வருவதுதான் என்னைக் கவர்ந்த இடம். அந்தக் குழாயை மெல்லச் சாய்த்தால் மேலே இருக்கும் வெளி சுருங்கும். சாதாரணக் காற்றாக இருந்தால், இடம் சுருங்கியதும் அழுத்தம் ஏறி, பாதரசத்தை இன்னும் கீழே தள்ளும். தெவிட்டிய ஆவியோ சண்டைக்கு வராது. இடம் பாதியானால் ஆவியில் பாதி அமைதியாகத் தண்ணீராகிவிடும். பாதரசத்தின் செங்குத்து உயரம் மாறாது. குழாய்க்குள் இருப்பது காற்றா, தெவிட்டிய ஆவியா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை இல்லை.

அடுத்து டால்ட்டன் காற்றுள்ள பாத்திரத்திலும் அதே வேலையைச் செய்து பார்த்தார். உலர்ந்த காற்றில் தண்ணீரை விட்டதும் அழுத்தம் கூடியது, அதே அளவு. காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆவியின் பங்கு ஒன்றுதான். கரைகிற கதை அதோடு முடிந்தது. ஒரு கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்கு அழுத்தத்தைத் தனியே தருகிறது என்ற பகுதி அழுத்த விதி இங்கிருந்து பிறந்தது. 1801-இல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் வாசித்த கட்டுரைகளில் இதையெல்லாம் சொல்லிவிட்டார்.

குழாயைச் சுற்றி இன்னொரு அகலமான குழாயைப் பொருத்தி வெந்நீர் ஊற்றினால் வெப்பநிலையை ஏற்றலாம். ஏற ஏறப் பாதரசம் கீழே இறங்கும். 30 டிகிரியில் 31.8. 50 டிகிரியில் 92.5. 100 டிகிரி வந்தால் 760. அதாவது உள்ளே நிற்கும் பாதரசமும் வெளிக் கிண்ணமும் ஒரே மட்டம். கொதித்தல் என்பதன் பொருள் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. ஆவியழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிப்பிடித்துவிட்டால், ஆவி மேற்பரப்போடு நிற்காமல் திரவத்தின் நடுவிலேயே குமிழியாக எழும். ஊட்டியில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் தண்ணீர் 93 டிகிரியைத் தொடும் முன்பே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் நிற்கும். குக்கர் இதற்கு நேர் எதிர். அழுத்தத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொதிநிலையை 120 டிகிரிக்குத் தள்ளிவிடுகிறது.

டால்ட்டன் ஒரு தவறும் செய்தார். எந்தத் திரவமானாலும் அதன் கொதிநிலையிலிருந்து இத்தனை டிகிரி கீழே போனால் ஆவியழுத்தம் இவ்வளவுதான் என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விதி சொன்னார். அழகான விதி. உண்மையல்ல. திரவத்துக்குத் திரவம் குணம் வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தே ஆக வேண்டும்.

அளக்க வேண்டிய அவசரமும் வந்தது. நீராவி எந்திரங்களின் கொதிகலன்கள் வெடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எந்த வெப்பத்தில் எவ்வளவு அழுத்தம் என்று தெரியாமல் கொதிகலனுக்குச் சட்டம் எழுத முடியாது. பிரெஞ்சு அரசு கேட்டுக்கொண்டதால் டுலாங், அரகோ என்ற இரு விஞ்ஞானிகள் 1820-களின் இறுதியில் வேலையில் இறங்கினார்கள். 24 வளிமண்டல அழுத்தம் வரை அளக்க வேண்டும். அதற்கு ஈடான பாதரசம் 18 மீட்டர் உயரம் நிற்கும். ஆய்வுக்கூடத்தில் அவ்வளவு இடமேது? பாரிஸில் பழைய மடாலயம் ஒன்றின் கோபுரத்துக்குள் கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினார்கள். பிறகு வந்த ரெனோ, 1847-இல் வெளியிட்ட நீராவி அட்டவணைகளால் பொறியாளர்களின் நம்பிக்கையைப் பெற்றார். 1870 போரில் பிரஷ்ய வீரர்கள் அவருடைய செவ்ர் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கினார்கள். அச்சேறியிருந்த எண்கள் தப்பித்தன.

இனி நானே கையால் அளந்த கதை. கல்லூரியில் இயற்பிய வேதியியல் ஆய்வுக்கூடத்தின் மூலை மேசையில் ஒரு கண்ணாடிக் கருவி இருந்தது, பெயர் ஐசோடெனிஸ்கோப். 1910-இல் ஸ்மித், மென்சீஸ் என்ற இரு வேதியியலர்கள் வடிவமைத்தது. ‘ஐசோ’ என்றால் சமம். ‘டென்ஷன்’ என்பது அக்காலத்தில் ஆவியழுத்தத்துக்கு வழங்கிய பெயர். ஒப்பழுத்தநோக்கி என்று தமிழாக்கலாம். அந்த மேசையில் நின்ற மாணவர்களின் டென்ஷன் வேறு வகை.

கருவியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. எலுமிச்சை அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ். அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய், ‘ப’ எழுத்து வடிவில் வளைந்து மேலே போகிறது. அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாக வெற்றிடப் பம்புக்கும் பாதரச அழுத்தமானிக்கும் இணைப்பு. குமிழையும் வளைவையும் சேர்த்து, வெப்பநிலை மாறாத தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைக்க வேண்டும். குமிழில் முக்கால்வாசி அசிட்டோன். வளைவிலும் கொஞ்சம் அதே அசிட்டோன். சூட்சுமம் அந்த வளைவில்தான். அதில் நிற்கும் திரவம் குமிழுக்குக் கதவு. கதவுக்கு ஒரு பக்கம் அசிட்டோனின் ஆவி, மறுபக்கம் நாம் கூட்டிக் குறைக்கிற காற்று. இரண்டு கிளைகளிலும் திரவம் ஒரே மட்டத்தில் நின்றால் இரு பக்க அழுத்தமும் சமம். உள்ளே இருப்பதை நேரடியாக அளக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் படித்தால் போதும். தராசின் ஒரு தட்டில் காய்கறியை வைத்து, மறுதட்டில் எடைக்கல்லைக் கூட்டிக் குறைத்து முள் நேரானதும் கல்லை எண்ணுகிற அதே வேலை.

ஆனால் தட்டில் காய்கறி மட்டும்தான் இருக்க வேண்டும். குமிழில் ஆவியோடு காற்றும் இருந்தால் இரண்டின் அழுத்தமும் கூடித் தெரியும். டால்ட்டன் சொன்ன விதி நமக்கு எதிராகத் திரும்பும். அதனால் ஆவியழுத்தத்தை அளக்கும் வேலையில் முக்கால் பங்கு, ஆவியல்லாத எல்லாவற்றையும் துரத்துவது. பம்பை மெல்லத் திறந்தால் வெளி அழுத்தம் குறையும். அசிட்டோன் அறை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். ஆவி வளைவு வழியாகக் கொப்பளித்து வெளியேறும்போது குமிழில் இருந்த காற்றையும் அடித்துக்கொண்டு போகும். சில நிமிடம் இப்படி விட்டுவிட்டு, திருகு குழாயைத் துளித்துளியாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். கொப்பளிப்பு நிற்கும். ஒரு கிளை ஏறும், மறுகிளை இறங்கும். சமமானதும் மூடு, அழுத்தமானியைப் படி.

எழுதுவதற்கு ஒரு வரி. செய்வதற்கு எனக்கு ஒரு மதியம் ஆனது. திருகைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் வெளிக்காற்று வளைவைத் தாண்டி, ‘ப்ளக்’ என்ற சத்தத்தோடு குமிழுக்குள் புகுந்துவிடும். அவ்வளவுதான், முதலிலிருந்து. மூன்றாவது ‘ப்ளக்’குக்கு எங்கள் ஆசிரியர் தலையைத் தூக்காமலே, “என்னப்பா, விருந்தாளியைக் கூட்டிட்டு வந்துட்டியா?” என்றார்.

ஒரு முறை சமமாக்கிப் படித்தாலும் போதாது. மறுபடி பம்பைத் திறந்து கொதிக்கவிட்டு, மறுபடி சமமாக்கிப் படிக்க வேண்டும். காற்று எல்லாம் போய்விட்டது என்பது நமக்கு எப்படித் தெரியும்? அழுத்தமானியில் தனியாக எழுதி வராது. முதல் முறை 297, அடுத்து 288, அதற்கடுத்து 285, பிறகும் 285 என்று எண்கள் இறங்கி ஓரிடத்தில் நின்றால்தான், இனித் துரத்த ஒன்றுமில்லை என்று நம்பலாம். 30 டிகிரியில் அசிட்டோனின் ஆவியழுத்தம் சுமார் 285. நுணுக்கமான ஆய்வுகளில் இதைவிடக் கடுமையாகத் துரத்துவார்கள்: திரவத்தை உறையவைத்து, மேலிருக்கும் காற்றை உறிஞ்சி, வால்வை மூடி உருகவிடுவார்கள், கரைந்திருந்த காற்று குமிழியாக வெளிவரும், மறுபடி உறையவைப்பார்கள். குறைந்தது மூன்று சுற்று.

காற்று ஒருவழியாகப் போய்விடும். பொருளோடு பொருளாகக் கலந்திருக்கும் கலப்படம்? சாராயத்தில் துளி ஈதர் கலந்திருந்தால், சட்டென ஆவியாகும் ஈதர் மேலே போய் நின்று எண்ணைக் கூட்டிக் காட்டும். இதைப் பிடிக்க ஓர் எளிய வழி: மேலே இருக்கும் ஆவியில் கொஞ்சத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி அளப்பது. தூய பொருளென்றால் இழந்த ஆவியை ஈடுசெய்து பழைய எண்ணுக்கே திரும்பும். அளவு குறைந்தாலும் அழுத்தம் குறையாது என்று சிலிண்டரில் பார்த்தோமே. எண் இறங்கினால், முந்திக்கொண்டு ஓடிய வேறு ஏதோ ஒன்று உள்ளே இருந்தது என்று பொருள்.

தொட்டியின் வெப்பநிலையில் இத்தனை கண்டிப்பு எதற்கு? தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 20-லிருந்து 30 டிகிரிக்குப் போனால், கெல்வின் கணக்கில் வெப்பநிலை மூன்றரை சதவீதம்கூட ஏறவில்லை. ஆவியழுத்தமோ 80 சதவீதம் ஏறிவிட்டது. ஒரு டிகிரி பிசகினால் விடையில் ஆறு சதவீதம் பிசகும். காரணம் புரிய நம் ஊர்க் கட்-ஆஃப் மதிப்பெண்ணை நினைத்துக்கொள்ளலாம். வினாத்தாள் கொஞ்சம் எளிதாகி எல்லாருக்கும் நான்கு மதிப்பெண் கூடினால், மாநிலச் சராசரி அசைவதே தெரியாது. ஆனால் 195-ஐத் தாண்டியவர்களின் எண்ணிக்கை இரண்டு மூன்று மடங்காகிவிடும். உச்சியில் ஆட்கள் குறைவு, கோட்டுக்கு ஒட்டிக் கீழே ஆட்கள் அதிகம். திரவத்தை விட்டுத் தப்பிக்கவும் ஒரு கட்-ஆஃப் ஆற்றல் வேண்டும். வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலும் அந்தக் கோட்டைத் தாண்டும் மூலக்கூறுகள் பெருகிவிடும். பல வெப்பநிலைகளில் அளந்து, அழுத்தத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழ் மதிப்போடு வரைபடமாக்கினால் புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழும். கோட்டின் சரிவு அந்தக் கட்-ஆஃப் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். ஒரு மூலக்கூறைக்கூடக் கண்ணால் பார்க்காமல், அதன் பிடிப்பை அவிழ்க்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று கண்டுபிடித்துவிடுகிறோம். கிளாபேரானும் கிளாசியசும் 19-ஆம் நூற்றாண்டில் இதற்கு வழி சொன்னார்கள்.

இதுவரை எல்லாவற்றுக்கும் பாதரசம்தான் அளவுகோல். அந்த அளவுகோலிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. டாரிசெல்லியின் வெற்றிடம் முழு வெற்றிடம் அல்ல. பாதரசமும் திரவம்தானே, அதுவும் ஆவியாகும். 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் 0.0012 மில்லிமீட்டர். தண்ணீரின் 17.5-ஐ அளப்பவருக்கு அது தூசி. ஆனால் கற்பூரத்தின் ஆவியழுத்தம் அறை வெப்பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, பாச்சை உருண்டையின் நாப்தலீன் 25 டிகிரியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது, டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிக்கு ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகக் கூறுபோட்டு ஓரிரு கூறு எடுத்தால் சரியாக இருக்கும். மாட்டு வண்டி எடைபோடும் மேடையில் மோதிரத்தை நிறுக்க முடியாது.

பாதரசத்தின் சொந்த ஆவியழுத்தத்தையே 1909-இல் அளந்து காட்டினார் டென்மார்க்கின் மார்ட்டின் க்னுட்சன். அழுத்தத்தை அளக்கும் முயற்சியையே அவர் விட்டுவிட்டார். பொருளை ஒரு சிறிய மூடிய கலத்தில் வைத்து, ஊசிமுனைத் துளை ஒன்றைப் போட்டு, வெற்றிடத்தில் வைப்பது. துளை வழியாக எவ்வளவு கசிந்தது என்று பார்ப்பது. தியேட்டரில் இடைவேளைக்கு ஒரே ஒரு ஒற்றைக் கதவைத் திறந்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணினால் உள்ளே எவ்வளவு நெரிசல் என்று சொல்லிவிடலாம் அல்லவா? துளையின் பரப்பும் நேரமும் எடைக்குறைவும் தெரிந்தால் உள்ளே இருந்த ஆவியழுத்தம் கணக்கில் வந்துவிடும். நிபந்தனை ஒன்று: துளை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். கதவு அகலமானால் கூட்டம் கலைந்துவிடும். ஆவி தெவிட்டிய நிலையை இழந்துவிடும்.

இன்னொரு வழி, உலர்ந்த நைட்ரஜனைப் பொருளின் மேல் மெல்லச் செலுத்தி, மல்லிகைக் கூடையைத் தடவிப் போகும் காற்று வாசனையை அள்ளிப் போவதுபோல ஆவியை அள்ளவைத்து, வெளியே அதைப் பிடித்து எடைபோடுவது. காற்று உண்மையிலேயே தெவிட்டும்வரை அள்ளியதா என்று சோதிக்க, வேகத்தைப் பாதியாக்கி மறுபடி செய்கிறார்கள். ஒவ்வொரு லிட்டர் நைட்ரஜனும் அதே அளவு ஆவியைக் கொண்டுவந்தால் சரி. கூடுதலாகக் கொண்டுவந்தால், முந்தைய ஓட்டம் அவசர ஓட்டம். இன்றைய ஆய்வுக்கூடங்களில் பாதரசத்துக்குப் பதில், மிருதங்கத் தோல்போல் இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடு அழுத்தத்தில் வளைவதை மின்சாரத்தால் அளக்கும் மானிகள் இருக்கின்றன. துல்லியம் அதிகம். என் மனம் என்னவோ அந்த ‘ப’ வளைவிலேயே நிற்கிறது. அதில் சமநிலை கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு சிறிய எண்களால் யாருக்கு என்ன? பாதரசத்தையே பாருங்கள். 0.0012 மில்லிமீட்டர் என்றால், மூடிய அறையில் சிந்திய பாதரசம் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 13 மில்லிகிராம் வரை ஏற முடியும் என்று பொருள். தொழிலிடங்களில் அனுமதிக்கப்படும் அளவைப்போல் அது நூறு மடங்குக்கும் மேல். 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றி நடந்த நீண்ட சர்ச்சைக்கு அடியில் இருந்ததும் இந்த எண்தான். டி.டி.டி.யின் ஆவியழுத்தம் அதைவிடவும் மிகச் சிறியது; ஆனாலும் சூடான நாடுகளின் வயல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, குளிர்ந்த இடங்களில் படிந்து, மறுபடி கிளம்பி, ஆர்க்டிக் பனிவெளி வரை போய்ச் சேர அதுவே போதுமானதாக இருந்தது.

இப்போது மிளகு. கற்பூரத்தின் ஆவியழுத்தம் கற்பூரத்தையும் வெப்பநிலையையும் பொறுத்தது. பக்கத்தில் கிடக்கும் மிளகுக்கு அதில் பேச்சில்லை. காற்றையே கண்டுகொள்ளாத ஆவி மிளகையா கண்டுகொள்ளும்? மிளகு அந்த ஆவியைக் கொஞ்சம் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது கற்பூரத்தின் இழப்பைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மூடியின் கதை வேறு. கால் லிட்டர் பித்தளை டப்பாவைத் தெவிட்டவைக்க ஓரிரு மில்லிகிராம் கற்பூரம் போதும். வில்லையின் ஒரு துணுக்கு. அதோடு கிளம்புவதும் திரும்புவதும் சமமாகி, குறைவது நின்றுவிடும். காகிதப் பொட்டலத்தில் தெவிட்டுவது என்பதே கிடையாது. வலை இல்லாத கோபுரம் அது. யோசித்துப் பார்த்தால், அப்பத்தா எனக்குக் காட்டியது மிளகில்லாத காகிதத்தையும் மிளகுள்ள பித்தளையையும்தான். மிளகில்லாத பித்தளையை அவர் வைத்துப் பார்க்கவே இல்லை.

ஆகவே போன மாதம் நான்கு வைத்தேன்: ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா இரண்டு, ஒரே மாதிரி காகிதப் பொட்டலம் இரண்டு, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மட்டும் ஐந்து மிளகு. நகை எடைபோடும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றும் வாங்கினேன். ஒரு மாதம் யாரும் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். இரண்டாவது வாரம் கடைக் கற்பூரம் தீர்ந்து, வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மிளகில்லாத டப்பாவைத்தான் திறந்திருக்கிறார்கள். மிளகைப் பொறுக்கி எடுக்க வேண்டாமே என்று.